பளபளக்காத கட்டில்

அத்தியாயம் ஏழு

"ஒரு பொண்ணோட மூச்சையே நிறுத்தப் பாத்திருக்கு இந்தக் கட்டில். செஞ்சது நீங்க தானே பாய்?" என்றேன்.

"கட்டில் செஞ்சது நான்தாங்க. அந்தப் பளபளப்பு என்னோடது இல்ல," என்றார் நிசார் அகமது. மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியை அவர் நிறுத்தவே இல்லை.

தருமபுரியில் அவருடைய மரப்பட்டறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது காலை பத்து மணிக்கு. என் பெயர் மாதேஷ். பதினெட்டு வருஷம் தருமபுரி-பென்னாகரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இப்போது துப்பறியும் அல்மாஸ் மேடத்திடம் உதவியாளன். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளைம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். வேலையை நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். பேசுவது நான், யோசிப்பது அவர். நான் பேசுவதில் பாதியை அவர் காதில் வாங்குவதில்லை என்பதுதான் ஒரே குறை.

வழக்கு இதுதான். கம்பைநல்லூர் கோகிலாவுக்கு வார்னிஷ் வாடை ஆகாது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூட பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்த அன்று மூச்சுத் திணறி விழுந்தவள். போன தை மாதம் பாப்பிரெட்டிப்பட்டி முத்துராஜுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலுக்கு வார்னிஷே வேண்டாம் என்று அவளே பட்டறை வாசலில் வந்து நின்று, தனக்கு ஆகிற பூச்சைத் தேடித் தேர்ந்தெடுத்திருந்தாள். ஆனால் கல்யாணத்தன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. மங்கலாக இருக்க வேண்டிய கட்டில் பளபளவென்று வார்னிஷோடு இருந்தது.

"மாப்பிள்ளை வீட்டில்தான் அடித்தார்கள்," என்றது பெண் வீடு. "வரும்போதே அப்படித்தான் வந்தது," என்றது மாப்பிள்ளை வீடு. நாற்பது நாளாகக் கோகிலா அம்மா வீட்டில் இருக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து இந்தக் கல்யாணத்தை அத்துவிடப் போகிறார்கள். அதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்று நேற்று அவளே எங்கள் மாடி அறைக்கு ஏறி வந்தாள்.

"எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே பூசினது யாருன்னு தெரியணுங்க. அந்த வூட்டுக்கு நான் திரும்பிப் போலாமா வேண்டாமாங்கறது அதுலதான் இருக்குது," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அவள் தெருமுனையில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டறை வாடை அவளுக்கு ஆகாது. எங்களோடு உள்ளே வந்தவர் அவளுடைய அண்ணன் தமிழ்மணி. உரக்கடை வைத்திருப்பவர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து, சீர் செய்து, கட்டிக்கொடுத்தவர். கார் அவருடையது. வழியில் எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்ததால் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"பாய், உண்மையச் சொல்லிப்போடுங்க. வேற ஆள விட்டுப் பூசச் சொன்னீங்களா?" என்றார் தமிழ்மணி.

நிசார் பாய் இழைப்புளியை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய ஒரு கயிற்றை எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஆறு தேக்குச் சில்லுகள் அதில் கோத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூச்சு. பின்பக்கம் கோகிலாவின் பென்சில் எழுத்து.

ஒன்று: வார்னிஷ். கதவைத் திறந்ததுமே இருமல். இரண்டு: பி.யூ. பாலிஷ். கண் எரிச்சல். மூன்று: ஆளிவிதை எண்ணெய். கழுத்தில் தடிப்பு. நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே போயின. ஆறாவது சில்லில் மட்டும் ஒரே வார்த்தை: தூங்கினேன்.

"ஒவ்வொரு சில்லயும் இருவது நாள் காய வெச்சுத்தான் கொடுப்பேங்க," என்றார் பாய். "எந்தப் பூச்சும் ஈரத்துல யாருக்கும் ஆகாது. நல்லா காஞ்ச பின்னாலதான் அது நமக்கு ஆகுமா ஆகாதான்னு தெரியும். அந்தப் பொண்ணு ஒவ்வொன்னையும் மூணு ராத்திரி தலையணைக்குப் பக்கத்துல வெச்சுப் படுத்துச்சு. நாலு மாசம் ஆச்சு."

"மாப்பிள்ளைய ஒரே சாயங்காலத்துல பாத்து முடிச்சிருக்காங்க," என்றேன். மேடம் காதில் வாங்கவில்லை.

"ஆறாவது என்னதுங்க?" என்றார் மேடம்.

"அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சு ரெண்டு கோட்டு. ஸ்பிரிட்டு பறந்து போயிரும், அரக்கு மட்டும் நிக்கும். அது காஞ்சதும் மேல தேன்மெழுகு. சித்தேரி மலையில சின்னன்னு ஒருத்தர் தேன் எடுக்கறாரு. அவருகிட்ட வாங்கி, ரெண்டு தடவ துணியில வடிகட்டி, நானே கையால தேய்ச்சேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால அந்தப் பொண்ணே வந்து, வாசல்ல எடுத்துப் போட்ட கட்டில் மேல கன்னத்த வெச்சுப் பாத்துட்டுப் போச்சு."

நான் ஆறாவது சில்லைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. பளபளப்பு மட்டும் இல்லை.

"கொஞ்சம் அழுது வடியுதே பாய். இது மேல லேசா ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சா என்ன?"

"மெழுகு மேல வார்னிஷ் நிக்காதுங்க. காயவே காயாது. மாசக் கணக்குல கை வெச்சா ஒட்டும், வாடையும் போகாது. மர வேலை தெரிஞ்சவன் எவனும் அந்தக் காரியம் பண்ண மாட்டான்."

மேடம் சில்லுக் கயிற்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "கட்டில எடுத்துட்டுப் போனது யாரு?"

"இந்தத் தம்பியேதாங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டி வெச்சு நேரா மண்டபத்துக்கு ஏத்திட்டுப் போனாரு."

"ஆமாங்க. அப்ப மங்கலாத்தான் இருந்துச்சு. பாய் மேல எனக்கு சந்தேகம் இல்லீங்க, கேக்கணுமேன்னு கேட்டேன்," என்றார் தமிழ்மணி. "எனக்கு சந்தேகம் எல்லாம் பாப்பிரெட்டிப்பட்டி மேலதான்."

பொம்மிடி வழியாகப் போனோம். தமிழ்மணி வண்டியை ஓட்டிக்கொண்டே இரண்டு தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நீல நிற இன்ஹேலர் அதில் இருந்தது.

"பாப்பா ஆறாவது படிக்கறப்ப இருந்து இது என் பையிலதாங்க இருக்குது," என்றார். "அதுகிட்ட கொடுத்தா எங்கயாவது மறந்து வெச்சுரும்."

கோகிலா லேசாகச் சிரித்தாள். நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு. "நான் எங்க போனாலும் அண்ணன் ஃபோன் பண்ணி பெயிண்டு வாடை அடிக்குதான்னுதாங்க மொதல்ல கேக்கும்."

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லையே என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

"சீர் பலமோ?" என்றேன்.

"ஊரே பேசுச்சுங்க. பித்தளை அண்டா, பீரோ, மிக்சி, கிரைண்டர், எல்லாம் மேடைக்குப் பக்கத்துலயே அடுக்கி வெச்சோம்."

"கட்டில எங்க போட்டிருந்தீங்க?" மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"மூலையிலங்க. தலைமாடு ஒரு செவுரு, படுத்தா இடது கைப்பக்கம் ஒரு செவுரு. கால்மாடும் வலது பக்கமும் ஜனங்களப் பாத்த மாதிரி."

"கல்யாண ஃபோட்டோவுல கட்டில் பளபளன்னு தெரியுது, அதுதான் கேட்டேன்."

"ஃபிளாஷ் அடிச்சா என் சொட்டை கூடத்தான் பளபளக்கும்," என்றேன். தமிழ்மணி வாய்விட்டுச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி வீட்டு வாசலில் முத்துராஜ் நின்றிருந்தான். ஒல்லியான ஆள். நாற்பது நாளாகச் சவரம் செய்யவில்லை போலிருந்தது. கோகிலா காரிலிருந்து இறங்கி, எதிர்ப்பக்கத்துப் புங்க மர நிழலில் நின்றுகொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தெருதான் இருந்தது. யாரும் அதைத் தாண்டவில்லை.

"வாங்க மச்சான்," என்றான் முத்துராஜ். தமிழ்மணி பதில் சொல்லாமல் உள்ளே போனார்.

முத்துராஜின் அம்மா செல்லி சாவியோடு வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குப் பூட்டினதுங்க. பஞ்சாயத்து முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சாமி, எம் மருமவளுக்கு நான் எதுக்குக் கெட்டது நெனைக்கப் போறேன்?"

கதவைத் திறந்ததும் எனக்கே தொண்டை கரகரத்தது. அறை சின்னது. கட்டிலின் தலைமாடு எதிர்ச் சுவரோடும், வலது பக்கம் பக்கச் சுவரோடும் ஒட்டியிருந்தது. மெத்தையும், தரை வரை தொங்கிய விரிப்பும் அப்படியே கிடந்தன. எங்களைப் பார்த்த கால்மாட்டுப் பலகை கண்ணாடி மாதிரி மின்னியது.

மேடம் குனிவதற்குள் பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. தமிழ்மணி ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கியிருந்தார்.

"பாருங்க. வார்னிஷு. பாதி டப்பா காலி."

அதைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"பாப்பா, பாத்துக்க. இவனுங்க பரண்ல இருந்துதான் எடுத்தேன்."

"அது வாசக்கதவுக்கு வாங்கினது கோகிலா," என்றான் முத்துராஜ். "கார்த்திகையிலயே அடிச்சேன். நீ வரதுக்குள்ள ரெண்டு மாசம் காயட்டும்னுதான் முன்னாடியே அடிச்சேன். சத்தியமா கட்டில நான் தொடல."

கோகிலா டப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்துராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வழக்கு முடிந்தது, ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன்.

"மாதேஷண்ணா, கொஞ்சம் உள்ள வாங்க," என்றது மேடத்தின் குரல்.

உள்ளே மேடம் சுவரை ஒட்டாத இடது பக்கத்து விரிப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். பக்கச் சட்டம் மங்கலாக இருந்தது. பையிலிருந்து ஆறாவது சில்லை எடுத்து அதன் மேல் வைத்தார். எது சில்லு, எது கட்டில் என்று தெரியவில்லை. வெறும் மெழுகு.

"இப்ப செவுத்துப் பக்கம் கைய விட்டுப் பாருங்க."

"பாம்பு கீம்பு இருந்தா?"

"இருந்தா அதுக்கும் மூச்சு முட்டியிருக்கும். விடுங்க."

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் கையை நுழைத்தேன். பிசுக்கென்று ஒட்டியது. இழுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் பளபளவென்று பசை. நாற்பது நாள் ஆகியும் காயாத வார்னிஷ். தலைமாட்டின் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தேன். அங்கே மெழுகு மட்டும்தான்.

மேடம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். கோகிலாவை மட்டும் ஜன்னலுக்கு வெளியே, காற்றடிக்கும் பக்கமாக நிற்கச் சொன்னார். பிறகு செல்லியிடம் கேட்டார்.

"கட்டில எப்பவாவது திருப்பிப் போட்டீங்களாம்மா?"

"எங்கம்மா திருப்பறது? எறக்கினது இப்படித்தான். வேற மாதிரி போட்டா கதவே தொறக்காது."

"இந்த ரூம்ல நின்னு ஒருத்தர் வார்னிஷ் அடிக்கறார்னு வெச்சுக்குவோம்," என்றார் மேடம். "கை போகாத செவுத்துப் பக்கத்துக்கு அடிச்சிட்டு, கதவத் தொறந்ததும் கண்ணுல படற பக்கத்த விட்டுடுவாரா?"

மேடம் ஆறாவது சில்லால் கால்மாட்டுப் பலகையைத் தட்டிக் காட்டினார்.

"அடிச்சது கால்மாட்டுக்கும் வலது பக்கத்துக்கும் மட்டும். தலைமாட்டுக்குப் பின்னாலயும் இடது பக்கமும் அடிக்கல. ஏன்னா அடிக்கறப்ப அந்த ரெண்டு பக்கமும் செவுத்தோட ஒட்டியிருந்துச்சு. அந்த மாதிரி கட்டில் நின்ன எடம் ஒன்னே ஒன்னுதான். தமிழ்மணி, வர வழியில நீங்கதான் சொன்னீங்க."

தமிழ்மணியின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. "மேடம், இது என்ன கணக்கு. யாரோ மாத்திப் போட்டிருப்பாங்க."

"மாதேஷண்ணா, செல்ஃபோன் லைட்டு."

சுவர்ப் பக்கம் வெளிச்சத்தைக் காட்டினேன். கட்டிலின் வலது சட்டத்தில் கொடி மாதிரி செதுக்கியிருந்த பள்ளத்தில், வார்னிஷுக்குள் பாதி முங்கி, நான்கு மஞ்சள் அரிசி. பக்கத்திலேயே சிவப்பு ஜிகினாத் துணுக்கு இரண்டு.

"தாலி கட்டறப்ப போட்ட அரிசி," என்றார் மேடம். "அப்ப இந்த வார்னிஷ் ஈரமா இருந்திருக்கு. டப்பா எல்லார் வூட்டுப் பரண்லயும் இருக்கும். இந்த அரிசி மண்டபத்துலதான் இருக்கும்."

"இங்க விழுந்திருக்கக் கூடாதா?" என்றார் தமிழ்மணி. குரல் இறங்கிவிட்டது.

"எங்க வூட்டுல அரிசி போடற பழக்கமே இல்ல தம்பி," என்றார் செல்லி. "ஆலாத்தி சுத்தித்தான் உள்ள கூப்பிட்டோம். நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

ஜன்னலுக்கு வெளியே கோகிலா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மண்டபத்துல யாருண்ணா?" என்றாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. அண்ணனுக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். அந்த நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தமிழ்மணி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முந்தின நாள் கட்டில எறக்கறப்ப பெரியப்பா வூட்டாளுங்க எல்லாம் நின்னுட்டிருந்தாங்க," என்றார் தரையைப் பார்த்து. "அப்பன் இல்லாத புள்ளைக்குப் பழைய கட்டிலத் தேச்சுக் கொண்டாந்துட்டான்னு ஒருத்தர் சிரிச்சாரு. புதுத் தேக்குங்க, மெழுகுப் பூச்சுங்கன்னு சொன்னேன். இன்னும் சிரிச்சாங்க. காலையில ரெண்டு ஊரு சனமும் சீரப் பாக்கும். கடைக்குப் போயி ஒரு டப்பா வாங்கியாந்து, பாக்கற பக்கம் மட்டும், ஒரே ஒரு கோட்டு. விடியறதுக்குள்ள காஞ்சிரும்னு நெனச்சேன் பாப்பா. ரெண்டு நாள்ல வாடையும் போயிரும்னு நெனச்சேன்."

"நீயா?" என்றாள் கோகிலா.

"தெரியாமப் பண்ணிட்டேன்."

"தெரியாமயா? எனக்கு என்ன ஆகும்னு உன்னைவிட யாருக்குண்ணா தெரியும்?"

கோகிலா ஜன்னலுக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"நாலு மாசம் அந்தச் சில்லுங்கள வெச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரி இருமினேன். நீதானே எந்திரிச்சு வந்து தண்ணி கொடுத்த? ஆறாவது சில்லுல தூங்கினேன்னு சொன்னப்ப நீதானே எல்லாருக்கும் ஸ்வீட்டு கொடுத்த? யாரோ நாலு பேரு சிரிச்சாங்கன்னு அத்தனையும் ஒரு டப்பாவுல அழிச்சுட்டியா?"

"ஆஸ்பத்திரியிலயே சொல்லிடணும்னுதான் வந்தேன்," என்றார் தமிழ்மணி. "வாசல்ல மாப்ள நின்னாரு. மச்சான், கட்டில் எப்படிப் பளபளன்னு ஆச்சுன்னு எல்லார் முன்னாலயும் கேட்டாரு. உங்க வூட்டுலதான் அடிச்சிருக்கணும்னு வாயில வந்துருச்சு. அப்பறம் அந்தப் பேச்ச மாத்த முடியல."

"நாப்பது நாளாவா?" என்றேன். கேட்கக்கூடாதுதான். ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த வடையை நினைத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பரண்ல டப்பா இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"பொண்ணு அழைச்சுட்டு வந்த அன்னிக்கே பாத்தேன்."

அதாவது அந்த டப்பாவை அவர் நாற்பது நாளாக மனசில் வைத்திருந்தார். எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்ததே அதை எங்கள் முன்னால் இறக்கிக் காட்டத்தான். முத்துராஜ் சுவரோடு சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"நாளைக்கு அத்துவிட்டிருப்பாங்க. அப்பவும் பேசாமத்தான் உக்காந்திருப்பியா?" என்றாள் கோகிலா.

"உனக்கு இதைவிட நல்ல எடமாப் பாத்திருப்பேன் பாப்பா."

அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் முகத்தில் பாசம்தான் இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம்.

கோகிலா ஜன்னலை விட்டு விலகி வாசல் பக்கம் சுற்றி வந்தாள். தெருவைத் தாண்டாதவள், இப்போது படி வரைக்கும் வந்து நின்றாள். முத்துராஜும் வெளியே வந்தான். அவனைப் பார்த்து, "டப்பாவப் பாத்ததும் உங்களத்தான் நெனச்சேன். மூஞ்சியத் திருப்பிட்டேன்," என்றாள்.

"தெரியும். பாத்தேன்," என்றான் அவன்.

"அந்தக் கட்டில மொதல்ல வெளிய தூக்கிப் போடுங்க. நிசார் பாய்கிட்ட நானே போய் மன்னிப்புக் கேக்கறேன்." பிறகு உள்ளே இருந்த அண்ணன் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நீ வரணும். ரெண்டு ஊரு சனத்துக்கு முன்னால நீயே சொல்லணும். அந்தப் பெரியப்பா வூட்டாளுங்களையும் கூப்பிடு."

தமிழ்மணி எழுந்து வாசலுக்கு, அவள் அருகில் வந்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள். ஒரு நொடி எனக்கும் புரியவில்லை. அவருக்குப் பழக்கம். மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று பதறி, சட்டைப் பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கையில் வைத்தார்.

அவள் மூடியை வாங்கி மூடினாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இனிமே இது என்கிட்டயே இருக்கட்டும்ணா."

காரில் ஏறாமல், பஸ் நிறுத்தத்தை நோக்கி மேடம் முன்னால் நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன்.

தமிழ்மணி காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தது.